நாட்டுத் துப்பாக்கியும் வழக்குக் கணக்கும்

கல்வராயன் மலையில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் பிடிபடும்போது, உரிமம் வழங்குவதை இன்னும் இறுக்க வேண்டும் என்போரும், மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்துக் கரும்பையும் மலைமேல் விளையும் மரவள்ளியையும் காட்டுப்பன்றியிடமிருந்து காக்க அதை எளிதாக்க வேண்டும் என்போரும், ஒரே வழக்கு எண்ணிக்கையைத் தத்தம் பக்கத்துச் சான்றாக்கிவிட முடிகிறது. அந்த எண் எதை அளக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

குழலின் வாய்வழியே கரிமருந்தையும் ஈயக் குண்டுகளையும் இட்டுக் கம்பியால் இடித்துக் கெட்டித்து, ஒருமுறை சுட்டபின் மறுபடியும் அத்தனை வேலையையும் செய்ய வேண்டிய இந்தத் துப்பாக்கிக்கு, பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு உரிமம் பெற 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடமளிக்கிறது. உரிமமின்றி வைத்திருந்தாலோ, ஒருமுறைகூடச் சுடாவிட்டாலும் 25ஆம் பிரிவின்படி குற்றம். திருட்டைப்போல இதற்குப் புகார் கொடுப்பவர் பெரும்பாலும் இல்லாததால், போலீசார் தேடிச் சென்றால்தான் வழக்கு பிறக்கும். தேடுதல் வேட்டை நடந்த ஆண்டில் எண் ஏறும். தாமாக ஒப்படைப்பவர்மீது வழக்கில்லை என்று அறிவித்தால், அதே துப்பாக்கிகள் கணக்கில் வராமலே போகும்.

இதைவிட ஆழமான சிக்கல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் எண்ணும் முறையில் இருக்கிறது. ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் பதிவானால் அவற்றுள் மிகக் கொடியதை மட்டும் எண்ணுவது முதன்மைக் குற்ற விதி எனப்படும். அதன்படி, நாட்டுத் துப்பாக்கியால் ஒருவர் கொல்லப்பட்டால் அவ்வழக்கு கொலைத் தலைப்பில் சேருமேயன்றி ஆயுதச் சட்டத் தலைப்பில் சேராது. பரணில் கிடந்த துப்பாக்கி அங்கே எண்ணப்பட, உயிரைப் பறித்த துப்பாக்கி அதிலிருந்து விலகிவிடுகிறது. அந்தத் தலைப்பைக் காட்டி, கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை வன்முறையாளராகச் சித்திரிப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

உரிம விதியையும் குற்ற எண்ணிக்கையையும் இணைத்துப் பேசுவது வேறிடத்திலும் எளிதாக இருக்கவில்லை. அமெரிக்காவில், கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத்தைத் தாராளமாக்கினால் குற்றம் குறையும் என்று ஜான் லாட் 1998இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆனால் 1990களில், உரிமத்தைத் தளர்த்தாத நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் குற்றங்கள் வெகுவாகக் குறைந்தன; உரிமத்தைத் தளர்த்தும் சட்டங்கள் குற்றத்தைக் கூட்டின என்றோ குறைத்தன என்றோ சொல்ல அன்றிருந்த சான்றுகள் போதா என்று அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2004இல் முடிவுசெய்தது.

இங்கே ஆண்டுகளை ஒப்பிடுவதிலும் சிக்கல் உண்டு. கல்வராயன் மலைப் பகுதி அடங்கிய கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதால், விழுப்புரத்தின் முந்தைய எண்களைப் பிந்தையவற்றோடு ஒப்பிட்டால் இல்லாத வீழ்ச்சியொன்று தோன்றும். ஒரு காவல் நிலைய எல்லையில் 2 வழக்குகள் 4 ஆனாலே 100 விழுக்காடு உயர்வு என்று எழுதிவிடவும் முடியும். துப்பாக்கி சுடப்பட்டதா, அடிபட்டது மனிதரா விலங்கா, உரிமம் இருந்ததா என்ற விவரங்கள் வழக்குக் கோப்புகளில்தான் இருக்கின்றன. உரிமம் குறித்து முடிவெடுக்குமுன் மாவட்ட நிர்வாகம் அவற்றைத் தனித்தனியே தொகுத்து வெளியிட வேண்டும்.