அயனி ஆரம் எதற்கு?

பத்தாம் வகுப்பில் ஆவர்த்தன அட்டவணையை நடத்தும்போது, அயனி ஆரத்தை 'கூடும், குறையும்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மாணவர்களும் அம்புக்குறியை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அந்த எண்ணால் என்ன பயன் என்று ஒரு பிள்ளை கேட்டால் சொல்வதற்கு, மல்டிஃபெராயிக் பீங்கான்கள் நல்ல எடுத்துக்காட்டு.

எங்கள் திண்டுக்கல் பிள்ளைகளுக்குப் பூட்டிலிருந்து தொடங்குவது எளிது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பூட்டில் பித்தளையும் உண்டு. தாமிரப் படிகத்தில் சில தாமிர அணுக்களின் இடத்தில் துத்தநாக அணுக்கள் அமர்ந்ததுதான் பித்தளை. இரண்டின் அளவும் நெருக்கமாக இருப்பதால் இது இயல்கிறது. நிறம் மாறுகிறது, கடினத்தன்மை கூடுகிறது.

பீங்கானில் அளவோடு மின்சுமையையும் பார்க்க வேண்டும். பிஸ்மத் ஃபெரைட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பிஸ்மத், ஓர் இரும்பு, மூன்று ஆக்சிஜன். பிஸ்மத்தால் அதில் நிலையான மின் முனைவு உண்டாகிறது. இரும்பால் காந்த ஒழுங்கு. இரண்டும் ஒரே பொருளில், அதுவும் அறை வெப்பநிலையில் இருப்பது அரிது. காந்த ஒழுங்கு ஏறத்தாழ 370 டிகிரி செல்சியஸ் வரையும், மின் முனைவு ஏறத்தாழ 830 டிகிரி வரையும் நிலைக்கும். மின்னழுத்தத்தால் காந்தத் திசையை மாற்றினால் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் நினைவகங்களைச் செய்யலாம் என்பதே ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. சென்னையில் வேதியியல் பட்டம் பெற்ற இராமமூர்த்தி ரமேஷின் குழு, 2003இல் இதன் மென்படலத்தில் வலுவான மின் முனைவைக் காட்டிய பிறகு இத்துறை சூடுபிடித்தது.

ஆனால் இந்தப் பீங்கானைச் சுடும்போது பிஸ்மத் எளிதில் ஆவியாகிறது; ஆக்சிஜனும் வெளியேறுகிறது. இங்கே கரும்பலகையில் சுமைக் கணக்கு போடலாம். ஓர் ஆக்சிஜன் போனால் இரண்டு எலக்ட்ரான்கள் மிஞ்சும். அவை மூன்று நேர்சுமை இரும்பு அயனிகளில் இரண்டை இரண்டு சுமையாக்கும். பிறகு எலக்ட்ரான் ஓர் இரும்பிலிருந்து அடுத்த இரும்புக்குத் தாவும், மின்சாரம் கசியும். கசியும் பொருளில் முனைவைத் திருப்ப முடியாது.

இரும்பின் இடத்தில் நான்கு சுமையுள்ள டைட்டானியத்தைச் சிறிது சேர்த்தால்? இரண்டு டைட்டானியம் கொண்டுவரும் கூடுதல் நேர்சுமை, காலியான ஓர் ஆக்சிஜன் இடத்தை நிரப்பத் தேவையான அளவு. காலியிடம் குறைகிறது, கசிவும் குறைகிறது. பிஸ்மத்தின் இடத்துக்கு லாந்தனம் பொருந்தும்: எட்டு ஆக்சிஜன்கள் சூழ்ந்த நிலையில் பிஸ்மத்தின் ஆரம் 1.17 ஆங்ஸ்ட்ராம், லாந்தனத்துக்கு 1.16, சுமை இரண்டுக்கும் மூன்று. லாந்தனம் எளிதில் ஆவியாகாது. இன்னொரு பயனும் உண்டு. பிஸ்மத் ஃபெரைட்டில் அணுக்காந்தங்கள் 62 நானோமீட்டருக்கு ஒரு சுற்று எனத் திருகுபோல் திரும்பி ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. லாந்தனம் அந்தத் திருகைக் குலைக்க, மறைந்திருந்த மெல்லிய காந்தம் வெளிப்படுகிறது.

அதற்காக அள்ளிப் போட முடியாது. பிஸ்மத் முழுவதையும் மாற்றினால் கிடைப்பது லாந்தனம் ஃபெரைட். அதில் அந்த மின் முனைவே கிடையாது.

சுமைக் கணக்கு புரிந்த வகுப்பில் நான் கேட்கும் அடுத்த கேள்வி: இரும்பின் இடத்தில், பித்தளையில் பார்த்த அதே துத்தநாகத்தை வைத்தால்? அதற்குச் சுமை இரண்டுதானே. ஆக்சிஜன் காலியிடம் கூடும் என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.