சூரிச் நகருக்குப் படிக்கப் போன பெண்கள்

"பொம்பிளைப் பிள்ளையைத் தனிய அவ்வளவு தூரம் அனுப்பினால் ஊர் என்ன கதைக்கும் மிஸ்?"

வேலை நிமித்தம் நான் செல்லும் கிராமம் ஒன்றில், மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பின்னர், ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. போரில் கணவரை இழந்தவர். கோழி வளர்த்தும் இடியப்பம் அவித்து விற்றும் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மூத்த மகளுக்குத் தெற்கிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. பணத்தைப் பற்றிக்கூட அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. ஊர்வாய்தான் அவரைப் பயமுறுத்தியது.

நான் அவருக்கு உபதேசம் எதுவும் சொல்லவில்லை. சமூகவியல் படித்த காலத்தில் வாசித்து மனதில் நின்றுவிட்ட ஒரு வரலாற்றைச் சொன்னேன். அது நடந்த இடம் சுவிற்சர்லாந்தில் ஜேர்மன் மொழி பேசப்படும் சூரிச் நகரம். வாசகிகள் பலருக்கு இந்தப் பெயர் புதிதல்ல. 1980களிலிருந்து எத்தனையோ வீடுகளின் அண்ணனும் தம்பியும் மகனும் அகதிகளாகச் சென்று சேர்ந்த நாடு அது. ஆனால் அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, சொந்த நாட்டில் கல்விக் கதவு அடைக்கப்பட்ட பெண்கள் தேடிப்போன நகரமும் அதுதான்.

பண்ணையடிமையின் மகள்

நதேஷ்டா சுஸ்லோவா 1843ஆம் ஆண்டு ரஷ்யாவில் பிறந்தவர். தந்தை ஒரு பிரபுவின் பண்ணையடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டதே 1861இல்தான். அடிமைத்தனத்தை அனுபவித்த அந்த மனிதர் தன் பெண்பிள்ளைகளுக்குக் கல்வியைக் கொடுத்தார்.

சுஸ்லோவாவுக்கு மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. அப்போது தலைநகராக இருந்த சென். பீற்றர்ஸ்பேர்க்கின் மருத்துவக் கல்விக்கூடத்தில், இவான் செச்செனோவ் போன்ற சில பேராசிரியர்கள் பெண்களைத் தமது விரிவுரைகளில் இருக்க அனுமதித்தார்கள். அது நீடிக்கவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே அரசாங்கம் பெண்களை வெளியே அனுப்பிக் கதவை அடைத்தது. 1865இல் சுஸ்லோவா சூரிச் நகருக்குப் போனார்.

ஏன் சூரிச்? அங்குள்ள பல்கலைக்கழகம் 1833இல் தொடங்கப்பட்டது. அதன் விதிகளில் பெண்கள் படிக்கலாம் என்று எழுதப்படவில்லை. படிக்கக்கூடாது என்றும் எழுதப்படவில்லை. ஒரு பெண் வந்து கேட்பாள் என்று விதி எழுதியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை! 1864இல் இன்னொரு ரஷ்யப் பெண் வந்து கேட்டு, விரிவுரைகளைக் கேட்க அனுமதி பெற்றார். ஆனால் பரீட்சை எழுதாமலே போய்விட்டார். அவருக்கு அடுத்துச் சுஸ்லோவா வந்தார்.

வந்த நகரத்தில் விரிவுரைகள் எல்லாம் ஜேர்மன் மொழியில். அதிலும் புத்தகத்தில் உள்ள ஜேர்மன் வேறு, சூரிச் கடைத்தெருவில் பேசும் ஜேர்மன் வேறு. நாம் எழுதும் தமிழுக்கும் பேசும் தமிழுக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பாருங்கள். மண்டபம் நிறைய ஆண்கள். அவர்கள் நடுவே மனித உடலைப் பற்றிய பாடத்தை ஒரு இளம்பெண் இருந்து கேட்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் வெறும் பார்வையாளராக இருந்து படித்தவர், 1867இல் கலாநிதிப் பட்டத்துக்கான பரீட்சை எழுத விண்ணப்பித்தார். அப்போதுதான் சிக்கல் வந்தது. பரீட்சை எழுதுவதென்றால் பதிவு செய்யப்பட்ட மாணவியாக இருக்க வேண்டும். ஒன்றில் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். இல்லையேல் ஆண்களைப் போல அவரையும் பதிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகம் பதிவு செய்தது.

தவளையின் உடலில் நிணநீரைத் தள்ளும் உறுப்புகளை நிணநீர் இதயங்கள் என்பார்கள். அவை இயங்கும் விதத்தைச் சுஸ்லோவா ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தனது பழைய ஆசிரியரான செச்செனோவின் கீழ், ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் சோதனைகளைச் செய்தார். 1867 டிசம்பர் 14ஆம் திகதி, சூரிச்சில் எல்லோர் முன்னிலையிலும் நின்று கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண் அவரே. வயது இருபத்து நான்கு.

நிச்சயதார்த்தம் முறிந்த பெண்

இந்த வரலாற்றில் கண்ணீரும் உண்டு. சூரிச்சில் மருத்துவம் படித்த பிரீட்ரிக் எரிஸ்மான் என்ற சுவிஸ் இளைஞருக்கும், கிராமத்துப் போதகர் ஒருவரின் மகளான மரி ஃபொக்ற்லினுக்கும் திருமணம் நிச்சயமாகியிருந்தது. எரிஸ்மான் அதை முறித்துவிட்டு 1868இல் சுஸ்லோவாவைத் திருமணம் செய்தார்.

யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கு வரவில்லை. ஆனால் பேசி வைத்த கலியாணம் குழம்பினால் ஒரு பெண் என்ன பாடுபடுவாள் என்பது நமக்குத் தெரியும். மரி அந்த வேதனையோடு வீட்டுக்குள் முடங்கவில்லை. தந்தையின் சம்மதத்தைப் பெற்று, அதே 1868இல் அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1874இல் பட்டம் பெற்றுச் சூரிச்சிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். சுவிற்சர்லாந்தின் முதலாவது பெண் மருத்துவர் அவர்தான். 1875இல் அல்பேர்ட் ஹைம் என்ற நிலவியல் அறிஞரை மணந்து, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, தொழிலை விடாமல் செய்தார். 1901இல் சூரிச்சில் பெண்கள் வைத்தியசாலையுடன் கூடிய தாதியர் பயிற்சிப் பாடசாலை தொடங்கப்பட்டபோது, அதை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

அரச முத்திரையுடன் வந்த ஊர்வாய்

சுஸ்லோவா பட்டம் பெற்ற செய்தி பரவியதும் ரஷ்யாவிலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். 1873அளவில் ஏறத்தாழ நூறு ரஷ்யப் பெண்கள் அங்கு படித்துக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். சிலர் தலைமயிரைக் கட்டையாக வெட்டினார்கள். சிலர் அரசியல் பேசினார்கள்.

அந்த ஆண்டு ரஷ்ய அரசாங்கம் ஒரு கட்டளையைப் பிறப்பித்தது. 1874 ஜனவரி முதலாம் திகதிக்குப் பின்னரும் சூரிச்சில் படிப்பைத் தொடரும் பெண்களுக்கு ரஷ்யாவில் பரீட்சையும் இல்லை, உத்தியோகமும் இல்லை. அரசுக்கு உண்மையில் பயம் அரசியலைப் பற்றித்தான். ஆனால் கட்டளை அதோடு நிற்கவில்லை. பெண்களின் நடத்தையையும் இழுத்தது. கட்டுப்பாடில்லாத உறவுகளில் ஈடுபடுகிறார்கள் என்றது. கருக்கலைப்புப் பழகுகிறார்கள் என்ற சந்தேகத்தைக்கூடக் கிளப்பியது.

இந்த இடத்தைச் சொன்னபோது அந்தத் தாய் மெல்லச் சிரித்தார். "அப்ப அங்கையும் இதே கதைதானே" என்றார். ஆம், இதே கதைதான். ஒரு பெண்ணின் படிப்பில் குறை சொல்ல முடியாதபோது அவளுடைய நடத்தையில் கைவைப்பது எல்லா ஊருக்கும் பொதுவான பழக்கம். நம்மிடம் அது கிணற்றடியில் நடக்கிறது. அங்கு அரச முத்திரையோடு நடந்தது.

பெண்களில் சிலர் நாடு திரும்பினார்கள். சிலர் பேர்ண், பாரிஸ் நகரங்களுக்குப் போய்ப் படிப்பைத் தொடர்ந்தார்கள். அதேவேளை ரஷ்யாவுக்குள்ளேயே பெண்களுக்கான மருத்துவ வகுப்புகள் 1872இல் சென். பீற்றர்ஸ்பேர்க்கில் தொடங்கிவிட்டன. 1877இல் துருக்கியுடன் போர் மூண்டபோது, அந்த வகுப்புகளில் படித்த பெண்கள் களத்துக்குச் சென்று காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தார்கள். அப்போது அவர்களுடைய நடத்தையைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

"அந்தப் பிள்ளை திரும்பி வந்ததோ?"

தாய் அடுத்துக் கேட்டது இதைத்தான். வந்தார். 1868இல் ரஷ்யா திரும்பிய சுஸ்லோவாவை மறுபடியும் பரீட்சை எழுதச் சொன்னார்கள். எழுதிச் சித்தியடைந்தார். பெண்நோயியல் மருத்துவராக, பின்னர் தனது சொந்தப் பிரதேசமான நிஷ்னி நொவ்கொறொட்டில் பல ஆண்டுகள் வேலை செய்தார். பிற்காலத்தில் கிரைமியாவில் குடியேறி, ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். 1918இல் அங்கேயே காலமானார்.

ஜேர்மனியிலிருந்து சூரிச்சுக்குப் படிக்கப் போன பிரான்சிஸ்கா ரிபூற்றியுஸ் 1876இல் பட்டம் பெற்றார். நாடு திரும்பியபோது அவரை மருத்துவராக அங்கீகரிக்க மறுத்தார்கள். சூரிச் பட்டம் என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டு, தன்னைப் போலச் சூரிச்சில் படித்த எமிலி லேமுஸ் என்ற தோழியுடன் சேர்ந்து, பேர்லின் நகரின் வறிய பெண்களுக்காக ஒரு சிகிச்சை நிலையத்தை நடத்தினார். தம் உடம்பின் வருத்தத்தை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடக்கி வைத்திருந்த பெண்களுக்கு, சொல்வதற்கு ஓர் இடம் கிடைத்தது. ஒரு பெண் தூரதேசம் போய்ப் படித்ததன் பயன், பெயர்கூடத் தெரியாத பல பெண்களிடம் போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் வென்றார்கள் என்று சொன்னால் அது பொய். எமிலி கெம்பின்-ஸ்பீரி 1887இல் சூரிச்சில் சட்டத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். மூன்று பிள்ளைகளின் தாய். வாக்குரிமை இல்லாத பெண் நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். சூரிச்சில் பெண்கள் சட்டத்தரணிகளாகலாம் என்ற சட்டம் 1898இல் வந்தபோது அவர் மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். 1901இல் இறந்தார். சுவிற்சர்லாந்துப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்தது 1971இல்தான். இலங்கைப் பெண்களுக்கு அது 1931இலேயே கிடைத்துவிட்டது.

அன்பான வாசகிகளே, அந்தத் தாய் அன்று முடிவு எதையும் சொல்லாமல் எழுந்து போனார். மூன்று வாரம் கழித்து, மகளின் பதிவுக் கடிதத்தோடு என்னைத் தேடி வந்தார். விடுதி இடம் எப்படிக் கேட்பது, மகாபொல புலமைப்பரிசிலுக்கு யாரிடம் கையொப்பம் வாங்குவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஊர் கதைக்காதா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "கதைக்கிறவை கதைக்கட்டும் மிஸ். நாளைக்கு அவையின்ர பிள்ளையும் போகத்தானே வேணும்."

தாய்மாரின் பயம் அர்த்தமற்றதல்ல. பிள்ளை எங்கே தங்குவாள், யாரோடு பயணம் செய்வாள், அவசரத்துக்கு யாரை அழைப்பாள் என்பதையெல்லாம் விசாரித்துத்தான் அனுப்ப வேண்டும். விசாரிப்பது வேறு, மறிப்பது வேறு. உங்கள் வீட்டிலோ அயலிலோ இப்படி ஒரு கடிதம் வந்து பெட்டிக்குள் கிடந்தால், தயவுசெய்து அதை வெளியே எடுங்கள். பதிவுக்கான கடைசித் திகதியை முதலில் பாருங்கள்.