இரண்டு மிதியும் ஒன்றாக

காய்ச்சலில் கிடந்து எழுந்து தறிக்குத் திரும்பிய காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “தொட்டால் உடம்பு அனலாய்ச் சுட்டது. இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடித்தது. சூடான உடம்பு எதற்கு நடுங்க வேண்டும்?”

பாதிப் பதில் அவருடைய குழித்தறியிலேயே இருக்கிறது. ஒரு மிதியை அழுத்தினால் பாவில் ஒரு பாதி மேலேறும், மறுபாதி கீழிறங்கும், நடுவே நாடா ஓடும். அடுத்த மிதிக்கு எல்லாம் தலைகீழ். கையை மடக்கி நீட்டுவதும் அப்படித்தான். ஒரு தசை இழுக்கும்போது எதிர்த்தசை விட்டுக்கொடுக்கும். நடுக்கத்தில் மூளை இரண்டு மிதியையும் சேர்த்து அழுத்தச் சொல்கிறது. பாவு திறக்காது, நாடா நகராது, சேலை ஓர் இழைகூட வளராது. கால் மட்டும் ஓயாமல் உழைக்கும்.

அந்த வீண் உழைப்புதான் அதிசயம். தசைக்குள் மயோசின் இழை ஆக்டின் இழையைப் பற்றி இழுக்கிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்று கூலி. சேலை வளர்ந்தாலும் வளராவிட்டாலும் கூலி கொடுத்தாக வேண்டும். ஒழுங்காக நெய்யும்போதே அதில் கால்பங்குதான் வேலையாகிறது, மீதி வெப்பம். நடுக்கத்தில் வேலையே இல்லாததால் ஏறக்குறைய முழுக் கூலியும் வெப்பமாகிறது. சும்மா இருக்கும்போது உண்டாவதைப் போல நான்கைந்து மடங்கு வரை! இப்படித் தறி ஓட்டினால் எந்த முதலாளிக்கும் கட்டாது, உடம்புக்கும் கட்டாது. சில மணி நேரத்தில் தசையின் சர்க்கரை இருப்பு கரையும். குளிரில் உள்வெப்பம் இறங்கி 30 டிகிரி செல்சியஸை நெருங்கினால் நடுக்கமே நின்றுவிடும். குளிரில் விறைத்தவர் நடுங்காமல் அடங்கினால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குத் தூக்குங்கள்.

 

நடுக்கமின்றியே வெப்பம் தரும் பழுப்புக் கொழுப்பும் உடம்பில் உண்டு. ஐஸ் தொட்டியில் உட்கார்ந்தால் அது எரிந்து எடை இறங்கும் என்று இன்று காணொளிகள் கூவுகின்றன. கைக்குழந்தையை நடுங்காமலே காப்பது அந்தக் கொழுப்புதான். பெரியவர்களிடமும் உண்டு என்று 2009இல் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியதும் உண்மை. ஆனால் பெரும்பாலோரிடம் இருப்பது மிகச் சொற்பம். அதை நம்பித் தொப்பை கரையாது. இதய நோய் உள்ளவர்கள் அந்தத் தொட்டிப் பக்கமே போகவேண்டாம்.

இனி மீதிப் பதில். கிருமி புகுந்தால் புராஸ்டகிளாண்டின் ஈ2 என்ற பொருள் சுரந்து, மூளையின் ஹைப்போதலாமஸ் வைத்திருக்கும் இலக்கை 37இலிருந்து, உதாரணமாக, 39க்கு ஏற்றிவிடுகிறது. 38இல் இருக்கும் உடம்பு தொட்டுப் பார்க்கும் அம்மாவின் கைக்குச் சுடும். மூளைக்கோ இன்னும் ஒரு டிகிரி பாக்கி. தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிக் கைகால் சில்லிடும், மிதி இரண்டும் இறங்கும். அந்நேரம் குளிர்ந்த ஈரத்துணியால் துடைத்தால் நடுக்கம் கூடவே செய்யும். 39ஐத் தொட்டதும் தானே அடங்கும். பாராசிட்டமால் அந்தப் பொருளின் சுரப்பைக் குறைத்ததும் இலக்கு இறங்கும். இப்போது அதே 39 அதிகம். கம்பளி ஒரு பக்கம் போகும், சட்டை தொப்பலாக நனையும்.