லேசர் செதுக்கல்: முதலில் பொருளைப் பாருங்க

1964-ல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் பாராமதியில் பிறந்த குமார் படேல். அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், நிறமில்லாத அக்ரிலிக்கையும் வெட்டும். வீட்டுக்கு வாங்குற டயோடு லேசர் பெரும்பாலும் 450 நானோமீட்டர் நீல ஒளி. அந்த அக்ரிலிக்கில் ஊடுருவிப் போயிடும். மரம், அட்டையில் ஆரம்பிங்க.

தொடவே கூடாதது பிவிசி. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நுரையீரலுக்குக் கேடு, மெஷினும் துருப்பிடிக்கும். தி.நகரில் ‘லெதர்’னு வாங்கின பர்ஸ் பிவிசி ரெக்சினாக இருக்கலாம். சந்தேகமா? மொட்டைமாடியில் செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, துளி பிளாஸ்டிக்கை அதில் ஒட்டி, மறுபடி தீயில் காட்டுங்க. சுடர் பச்சையானால் குளோரின் இருக்கலாம், லேசரில் வைக்காதீங்க.

450 நானோமீட்டரைத் தடுக்கும் கண்ணாடி, புகையை வெளியே தள்ளும் ஃபேன், இரண்டும் கட்டாயம். மெஷின் ஓடும்போது விட்டுட்டுப் போகாதீங்க, தீப்பிடிக்கும்.