மினி கம்ப்யூட்டர் போர்டு வாங்கப் போறீங்களா? வேகத்தை மட்டும் பார்த்தா போதாது... இதையும் கவனிங்க!

தாம்பரம், குரோம்பேட்டை, வண்டலூர் வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ப்ராஜெக்ட் நேரம் வந்தால், மின்சார ரயில் ஏறி ரிச்சி தெருவுக்குப் போய் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டு வாங்கி வருவது இங்குள்ள மாணவர்களுக்குப் பழகிய விஷயம். மொட்டை மாடி டேங்கில் தண்ணீர் எவ்வளவு இருக்குன்னு பார்க்க, வாசலில் கேமரா வைக்க... எல்லாத்துக்கும் இது போதும்.

எத்தனை கோர், எத்தனை ஜிபி ரேம் என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். ஆனால், இந்த பிராசஸருக்கு இன்னும் எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்பதையும் பார்க்க வேண்டும்.

சிக்கல் எங்கே வருகிறது?

இந்த போர்டுகளில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ். அதன் மையப் பகுதிதான் கெர்னல். புது சிப் கொண்டுவரும் நிறுவனம், கையில் இருக்கும் ஒரு கெர்னலை எடுத்து, தன் சிப்புக்கு ஏற்ற மாற்றங்களைச் சேர்த்து தனிப் பதிப்பாகக் கொடுப்பது வழக்கம். வாங்கின புதிதில் எல்லாம் நன்றாகவே ஓடும். நிறுவனம் அடுத்த சிப்புக்குப் போய்விட்டால், அந்தப் பதிப்பு அப்படியே நின்றுவிடும். போர்டு கெட்டுப்போயிருக்காது. ஆனால் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. இணையத்தில் இணைந்திருக்கும் வாசல் கேமராவுக்கு இது ஆபத்து.

'மெயின்லைன்' என்றால் என்ன?

சிப்புக்கான மென்பொருளை லினக்ஸின் பொதுக் கெர்னலிலேயே சேர்த்துவிடுவதுதான் மெயின்லைன். அப்படிச் சேர்ந்துவிட்டால், அடுத்தடுத்த கெர்னல்களிலும் அந்த ஆதரவு தொடர வாய்ப்பு அதிகம். தயாரித்த நிறுவனத்தை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை.

பெரிய கம்பெனின்னா நம்பலாமா?

இன்டெல் நிறுவனம் 2013-ல் கலிலியோ, 2014-ல் எடிசன், 2016-ல் ஜூல் என போர்டுகளைக் கொண்டுவந்தது. 2017-ல் மூன்றையும் நிறுத்துவதாக அறிவித்தது.

இன்னொரு பக்கம், 2015-ல் 9 டாலர் கம்ப்யூட்டர் என்று பேசப்பட்ட 'சிப்' போர்டு. அதைத் தயாரித்த சின்ன நிறுவனம் 2018-ல் மூடப்பட்டது. ஆனால் அந்த பிராசஸருக்கான ஆதரவு ஏற்கெனவே மெயின்லைனில் சேர்ந்திருந்ததால், கம்பெனி போன பிறகும் போர்டைப் பயன்படுத்த வழி இருந்தது.

2012-ல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை போர்டில், 2025-ல் வந்த ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் பதிப்பும் ஓடுகிறது. வேகம் குறைவுதான், ஆனால் அப்டேட் நிற்கவில்லை.

நம்ம ஊர் 'சக்தி'

சென்னை ஐஐடியில் 2014-ல் தொடங்கியது 'சக்தி' பிராசஸர் திட்டம். 2018-ல் அதன் சிப்பில் லினக்ஸ் ஓடியது. இது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டமைப்பில் உருவானது. வடிவமைப்பையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். பிராசஸர் எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு.

ஆனால், திறந்த கட்டமைப்பு என்பதாலேயே அப்டேட் தொடர்ந்து வரும் என்று சொல்லிவிட முடியாது. 2025-ல் வெளியான டெபியன் 13, ரிஸ்க்-ஃபைவை முதல்முறையாக அதிகாரப்பூர்வமாக ஆதரித்தது. அதே ஆண்டு வந்த உபுண்டு 25.10, ரிஸ்க்-ஃபைவ் பிராசஸர்களுக்கான குறைந்தபட்சத் தகுதியை உயர்த்தியது. இதனால் ஏற்கெனவே வாங்கிய பல போர்டுகள் பழைய பதிப்போடு நிற்க வேண்டியதாயிற்று.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

* பிராசஸரின் முழுப் பெயர், மாடல் எண்ணோடு தேடுங்கள். மெயின்லைனில் சேர்ந்திருக்கிறதா, அதில் வைஃபை, வீடியோவும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

* டெபியன், ஆர்ம்பியன் போன்ற பொது லினக்ஸ் பதிப்புகள் அந்த போர்டை ஆதரிக்கின்றனவா என்று பாருங்கள். டெபியனின் ஒவ்வொரு பதிப்புக்கும் மொத்தம் 5 ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் உண்டு.

* நிறுவனம் கொடுக்கும் ஓஎஸ்ஸின் கெர்னல் எண்ணையும், கடைசியாக அப்டேட் வந்த தேதியையும் பாருங்கள். ரெண்டும் பழசா இருந்தா யோசிங்க.

* எந்த ஆண்டு வரை போர்டு தயாரிக்கப்படும் என்று நிறுவனம் எழுத்துப்பூர்வமாகச் சொல்லியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு மட்டும் என்றால் எந்த போர்டும் ஓகே. வருஷக்கணக்கில் வீட்டில் ஓட வேண்டும் என்றால், ரயில் ஏறும் முன்பே போனில் பத்து நிமிஷம் இதைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.