கசகசா வேலைக்கு உலை வைக்குமா?

அமெரிக்காவில் லாரி ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. லைசென்ஸ் கையில் இருக்கிறது. கம்பெனியும் 'வா' என்றுவிட்டது. ஆனாலும் சாவியைத் தர மாட்டார்கள். முதலில் ஒரு கப்பைத்தான் தருவார்கள்! அதில் சிறுநீர் பிடித்துக் கொடுத்து, 'போதைப்பொருள் இல்லை' என்று ரிசல்ட் வந்த பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடலாம்.

"நமக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாதே, என்ன பயம்?" என்கிறீர்களா? இருமல் மருந்து, வலி மாத்திரை, ஏன்... குருமாவில் அரைத்துவிடும் கசகசாகூட இந்தப் பரிசோதனையில் தலைகாட்டலாம்! உங்கள் உறவினர் யாராவது அங்கே இந்த வேலைக்குப் போகிறார் என்றால், இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஏன் இந்தக் கெடுபிடி?

1987 ஜனவரியில் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு ரயில் விபத்து. சிக்னலைத் தாண்டி வந்த சரக்கு ரயில் எஞ்சின்கள் மீது பயணிகள் ரயில் மோதி, 16 பேர் இறந்தார்கள். எஞ்சினில் இருந்தவர்கள் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. நாடே கொதித்தது. 1991-ல் சட்டம் வந்தது. ரயில், விமானம் மட்டுமல்ல, கனரக லாரி ஓட்டுகிறவர்களுக்கும் பரிசோதனை கட்டாயமானது.

கஞ்சா, கோகெய்ன், ஆம்ஃபெட்டமின், அபின் வகை மருந்துகள், பி.சி.பி. ஆகியவற்றைத் தேடுகிறார்கள். ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன் போன்ற கடுமையான வலி நிவாரணிகள் 2018-ல் சேர்ந்தன. சில மாநிலங்களில் கஞ்சாவுக்கு அனுமதி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. லாரி டிரைவருக்கு அந்தச் சலுகை செல்லாது.

எப்படி எடுக்கிறார்கள்?

குறைந்தது 45 மில்லி தேவை. அதை 30, 15 என்று இரண்டு பாட்டில்களில் பிரித்து சீல் வைப்பார்கள். கொடுத்த நான்கு நிமிடத்துக்குள் சூடு பார்ப்பார்கள். 32-லிருந்து 38 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். அடுத்தவருடையதைக் கொண்டுவந்து கொடுத்தால் மாட்டிக்கொள்வது இங்கேதான்! சிறுநீர் வரவில்லையா? பதற வேண்டாம். தண்ணீர் கொடுத்து மூன்று மணி நேரம்வரை காத்திருப்பார்கள்.

கசகசா செய்யும் கலாட்டா

அபின் எடுக்கும் அதே செடியின் விதைதான் கசகசா. காயில் ஊறும் பால் விதையில் லேசாக ஒட்டிக்கொள்வதால், கொஞ்சம் மார்ஃபினும் கோடீனும் அதில் இருக்கும். சமையலில் போதை ஏறாது. ஆனால் சிறுநீரில் தெரியலாம். இதற்காகவே 1998-ல், எவ்வளவு இருந்தால் 'பாசிட்டிவ்' என்ற எல்லையை மில்லி லிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000-க்கு உயர்த்தினார்கள். சாதாரணமாகச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் இதனால் தப்பினார்கள். ஆனால் 15,000-ஐத் தொட்டுவிட்டால் 'கசகசா சாப்பிட்டேன்' என்ற சமாதானம் எடுபடாது.

டாக்டரின் போனை எடுங்க!

லேப் 'பாசிட்டிவ்' என்றதும் வேலை போய்விடாது. ரிசல்ட் முதலில் கம்பெனிக்குப் போவதில்லை. அதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு டாக்டரிடம் போகிறது. அவர் டிரைவரிடமே, "என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று விசாரிப்பார். முறையான மருந்துச் சீட்டு இருந்து, அது உண்மைதான் என்று தெரிந்தால், 'நெகட்டிவ்' என்றே அறிவிப்பார். லேப் பார்ப்பது பொருளை. காரணத்தைப் பார்ப்பவர் டாக்டர்தான். வெட்கப்பட்டோ பயந்தோ அவரிடம் பேசாமலே இருந்தால், விசாரணை இல்லாமலே 'பாசிட்டிவ்' என்று முடிவாகிவிடலாம்.

அப்படி முடிவானால் விஷயம் ஒரு கம்பெனியோடு நிற்காது. 2020 ஜனவரி முதல் நாடு முழுவதற்குமான பதிவேடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. அடுத்த கம்பெனியும் வேலை தருமுன் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

நினைவில் வையுங்கள்:

* மருந்துச் சீட்டையும் மாத்திரை டப்பாவையும் பத்திரமாக வைத்திருங்கள்.

* இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைத் தொடாதீர்கள்.

* பரிசோதனைக்கு முன் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்காதீர்கள். சிறுநீர் நீர்த்துப்போனால் மறுபடி கொடுக்கச் சொல்லலாம்.

* கப்பைக் கையில் வாங்கிய பிறகு பாதியில் கிளம்பிவிடாதீர்கள். 'மறுத்தார்' என்று பதிவாகும்.

* முடிவில் சந்தேகமா? டாக்டர் முடிவைத் தெரிவித்த 72 மணி நேரத்துக்குள் கேட்டால், இரண்டாவது பாட்டிலை வேறு லேபில் பரிசோதிப்பார்கள்.

* பரிசோதனை முடியும்வரை... குருமாவில் கசகசா வேண்டாமே! தேங்காய், முந்திரி போதும்.