டீசல் எஞ்சினின் இன்ஜெக்சன் பம்பு: அமைப்பும் பாதுகாப்பும்

கருணாபுரம் முதல் கச்சிராயபாளையம் வரையிலும், மலைமீது வெள்ளிமலை வரையிலும் உழவு, அறுவடை, கரும்பு ஏற்றுதல் போன்ற பணிகளுக்கு டீசல் எஞ்சினே துணை. மின் இணைப்பு கிடைக்காத கிணறுகளிலும் ஓடைக்கரைகளிலும் தண்ணீர் இறைப்பதும் அதுவே. இந்த எஞ்சினில் மிக நுட்பமான உறுப்பு இன்ஜெக்சன் பம்பு. அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் டீசலையும் பழுதுபார்க்கும் செலவையும் மிச்சப்படுத்தலாம்.

ஒரு சொட்டின் கணக்கு

நிமிடத்திற்கு 1,500 சுற்றுகள் சுற்றும் 5 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முழுச் சுமையில் இது மணிக்குச் சுமார் ஒரு லிட்டர் டீசலைச் செலவிடும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் பீய்ச்சப்படுவதால், மணிக்கு 45,000 முறை பம்பு இயங்குகிறது. அதாவது ஒரு மில்லி டீசலை 45 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் பிசகாமல் அளந்து தருகிறது. அதையும் ஒரு வினாடியில் சுமார் 450-இல் ஒரு பங்கு நேரத்திற்குள் முடித்தாக வேண்டும். டிராக்டரின் பின்சக்கர டயரில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் இருக்கும். நாசில் திறப்பதற்கோ சுமார் 200 கிலோ அழுத்தம் தேவை.

பம்பு வளர்ந்த வரலாறு

ஜெர்மனியில் ருடால்ப் டீசல் 1897-இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சினில் இத்தகைய பம்பு இல்லை. அழுத்தப்பட்ட காற்றைக் கொண்டே எண்ணெய் உள்ளே ஊதப்பட்டது. அதற்கெனத் தனியாகக் கம்ப்ரசர் வேண்டியிருந்ததால் எஞ்சின் பெரிதாகவும் கனமாகவும் இருந்தது. ராபர்ட் பாஷ் 1922-இல் இதற்கான பம்பை உருவாக்கும் பணியைத் தொடங்கினார். 1927-இல் அவரது நிறுவனம் பெருமளவில் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் டீசல் எஞ்சின் லாரிக்கும் டிராக்டருக்கும் ஏற்றதாயிற்று. நம் நாட்டில் 1951-இல் தொடங்கப்பட்ட மைகோ நிறுவனம் இவ்வகைப் பம்புகளைத் தயாரித்தது.

அளவு கூடுவதும் குறைவதும் எப்படி?

பம்பினுள் பேரல் என்னும் உருளையும், அதில் மேலும் கீழும் செல்லும் பிளஞ்சரும் உள்ளன. பிளஞ்சர் மேலேறி, பேரலின் பக்கத் துளையை மூடியதும் அழுத்தம் உயர்ந்து டீசல் நாசிலுக்குச் செல்கிறது. பிளஞ்சரின் உடலில் சாய்வாக ஒரு வெட்டு உண்டு. அந்த வெட்டு துளைக்கு நேராக வந்ததும் டீசல் திரும்பி வழிந்துவிடும். பீய்ச்சுவது உடனே நின்றுவிடும்.

பிளஞ்சர் ஏறும் தூரம் எப்போதும் மாறுவதில்லை. ஆனால் அதைச் சற்றுத் திருப்பினால் சாய்வெட்டு முன்னதாகவோ பின்னதாகவோ துளையைச் சந்திக்கும். செல்லும் டீசலின் அளவும் அதற்கேற்ப மாறும். சுமைக்குத் தக்கபடி இவ்வாறு திருப்பும் வேலையைக் கவர்னர் செய்கிறது. பம்பின் மேலுள்ள டெலிவரி வால்வு, பீய்ச்சி முடிந்தபின் நாசிலில் டீசல் சொட்டாமல் தடுக்கிறது.

பிளஞ்சருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் கனமோ சுமார் 70 மைக்ரான். எனவே கண்ணுக்குத் தெரியாத தூசியும் இதைக் கீறிவிடும். பிளஞ்சரும் பேரலும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்தப்படுவதால், ஒன்றை மட்டும் மாற்றுதல் கூடாது.

பழுதின் அறிகுறிகள்

கைப்பிடியால் சுற்றும்போது கிளம்ப மறுத்து, கிளம்பியபின் நன்றாக ஓடும் எஞ்சினில் பிளஞ்சர் தேய்ந்திருக்கலாம். மெதுவாகச் சுற்றும்போது இடைவெளியில் டீசல் கசிய அதிக நேரம் கிடைப்பதே இதற்குக் காரணம்.

கரும்புகை வந்தால் உடனே பம்பைக் குறைகூற வேண்டாம். முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்து பாருங்கள். சுமை அளவுக்கு மீறியுள்ளதா என்று கவனியுங்கள். அதன்பின் நாசிலையும், கடைசியாகப் பம்பையும் சோதிப்பதே முறை. நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடும் மேற்கண்ட எஞ்சினில் பத்தில் ஒரு பங்கு டீசல் வீணானால், தினமும் 800 மில்லி நட்டமாகும். லிட்டர் 90 ரூபாய் என்று கொண்டாலும் இது 72 ரூபாய்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. டீசலை மூடியுள்ள சுத்தமான கேனில் ஒரு நாள் தெளிய வைத்து ஊற்றவும். அடியில் தங்கும் வண்டலையும் தண்ணீரையும் தொட்டியில் சேர்க்கக் கூடாது.

2. பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் நூலிழைகள் உள்ளே போகும். மெல்லிய கம்பி வலையுள்ள புனலே நல்லது.

3. மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைக்கவும். காலித் தொட்டியில் இரவுக் குளிரில் நீர் கோத்துக்கொள்ளும். மலைப்பகுதியில் இது மிகவும் முக்கியம்.

4. மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது. பிளஞ்சருக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புப் போதாது.

5. பம்பைக் கழற்றினால், அதன் அடியிலுள்ள தகடுகளை எண்ணி வைத்து, அதே எண்ணிக்கையில் திரும்பப் போடவும். அவைதாம் டீசல் பீய்ச்சும் நேரத்தை நிர்ணயிக்கின்றன.

6. நாசில் பீய்ச்சுவதைக் கையை நீட்டிப் பார்க்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். புண் ஊசி குத்தியதுபோலச் சிறிதாகவும் வலியின்றியும் இருக்கலாம். ஆயினும் உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

புதிய டிராக்டர் வாங்குவோருக்கு

ஜப்பானின் டென்சோ நிறுவனம் 1995-இல் லாரிகளிலும், பாஷ் நிறுவனம் 1997-இல் கார்களிலும் காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தன. இதில் பம்பின் வேலை அழுத்தத்தை உண்டாக்குவது மட்டுமே. டீசல் ஒரு பொதுக்குழாயில் அழுத்தத்துடன் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு பீய்ச்ச வேண்டும் என்பதை மின்னணுக் கருவி முடிவு செய்யும். அளவு பிசகாததால் புகை குறைகிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதி நடைமுறைக்கு வந்ததால், அவற்றில் இம்முறை பரவியுள்ளது.

இங்கு அழுத்தம் ஆயிரம் கிலோவுக்கு மேலும் செல்லும். பழைய எஞ்சினில் காற்றை வெளியேற்ற நாசில் குழாயின் நட்டைத் தளர்த்திச் சுற்றுவது வழக்கம். காமன் ரெயில் எஞ்சினில் அவ்வாறு செய்வது உயிருக்கே ஆபத்து. பயிற்சி பெற்றவரிடம் மட்டுமே அந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.

பம்பின் அமைப்பு திருந்தத் திருந்த, அது தூசியையும் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும் அளவு குறைந்துகொண்டே வந்துள்ளது. ஆகவே பழைய எஞ்சின் வைத்திருப்போரும் புதிய டிராக்டர் வாங்குவோரும் முதலில் பார்க்க வேண்டியது டீசலின் தூய்மையை. விதைக்கு முன் நிலத்தைப் பண்படுத்துவதுபோல், எஞ்சினை ஓட்டுமுன் டீசலைத் தெளிய வைத்துப் பயன்படுத்துங்கள். பம்பு நெடுநாள் உழைக்கும், செலவும் குறையும்.